வடகம் எங்கே காயவைப்பது?

மொட்டை மாடியில் சோலார் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. தெருவில் இன்னும் இரண்டாவது வீடு போடவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் நிறைய பேர் வந்தார்கள். பசுமை மின்சாரம், கரி, புகை என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் கேள்வி, "வடகம் எங்கே காயவைப்பீங்க?"

நியாயமான கேள்விதான். 3 கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 300 சதுர அடி போய்விடுகிறது.

எதிர் வீட்டு அத்தை தெளிவாகக் கணக்குப் போட்டார். இரண்டு மாதத்துக்கு அவர் வீட்டில் ஓடுவதே 180 யூனிட், அதில் 100 இலவசம். மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தந்தாலும் மீதிப் பணத்தை அவர் எதற்காக முடக்க வேண்டும்? ஏசி போட்டு 500 யூனிட்டைத் தாண்டும் எங்களைப் போன்ற வீட்டுக்குத்தான் இது கட்டுப்படியாகும். நல்ல வெயிலில் எங்களுக்கு ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை வருகிறது.

ஆனால் விற்க வந்தவர் ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை. பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சரி, ஒப்புக்கொள்கிறேன். நேற்று மதியம் உச்சி வெயிலில் கரண்ட் போனபோது அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிப் பார்த்தேன். பனையோலை விசிறியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.