தோட்டத்துக் கொட்டகைக்கு மண்ணுக்கடியில் கரண்ட்: இதுவரை நடந்த வேலை

பின்கட்டுக்கு அப்பால் தோட்டத்துக் கோடியில் இருக்கும் ஓட்டுக் கொட்டகையை மரவேலைப் பட்டறையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதில் பெரிய கட்டம் ஒன்று முடிந்தது: வீட்டு மெயின் போர்டிலிருந்து கொட்டகை வரை 40 மீட்டருக்கு முழுக்க மண்ணுக்கடியில் கேபிள் போட்டாயிற்று. இதுவரை மாமரத்தையும் தென்னையையும் பிடித்துக்கொண்டு தொங்கிய வயரில்தான் ஒரு பல்பு எரிந்தது. மட்டை விழும், அணில் கடிக்கும், மயில் வந்து உட்காரும். கானாடுகாத்தான் பக்கம் மயில் வராத தோட்டம் ஏது?

கடப்பாரையைத் தூக்குவதற்கு முன்னால் வழியை முடிவு செய்ய வேண்டியிருந்தது, எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இது லேசான காரியம் இல்லை. வளவு வாசலில், அதாவது நடுமுற்றத்தில், விழுகிற மழைத்தண்ணீர் எல்லாம் தரைக்கடியில் கட்டிவைத்த கால்வாய் வழியாக வெளியே போகும், மேலே பார்த்தால் அடையாளமே தெரியாது. அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்தபடியே "நெல்லிமரத்துக்கு இந்தப் பக்கம் தோண்டாதே அப்பா, அங்கதான் கால்வாய் போகுது" என்றார்கள். கால்வாயைச் சுற்றிப் போனால் வளைவு அதிகம். அதனால் அதற்குக் கீழேயே, ஒரு குழாய்க்குள் கேபிளை விட்டுத் தாண்டினோம். பழைய சுவரில் துளை எதுவும் போடவில்லை, பின்வாசல் நிலைக்குப் பக்கத்தில் தரை வழியாகவே வெளியே எடுத்தோம்.

பள்ளத்தின் ஆழம் 75 செ.மீ. வீட்டு வோல்டேஜ் கேபிள்களுக்கு ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் அளவு அதுதான். ஒன்றரை அடி போதும் என்று பலரும் சொன்னார்கள், ஆனால் நாளைக்கு யாராவது வாழைக்குக் குழி வெட்டினால் மண்வெட்டி போய்ப் படக் கூடாது. எங்கள் மண் செம்புறைச் சரளை. காய்ந்திருக்கும்போது பிக்காசு துள்ளித் திரும்பும், ஈரம் ஏறினால் அதே மண் வெட்டக் கொடுக்கும். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் கட்டி, மறுநாள் காலையில் வெட்டினோம். வெட்டிப் போட்ட கட்டிகள் வெயிலில் கல்லாகிவிடும், அதைத் திரும்பக் கேபிள் மேல் கொட்டவே கூடாது.

கேபிள் அளவுக்குத்தான் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டேன். 2.5 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குவெட்டு, சதுர மி.மீ.) காப்பர் போதும் என்றார் கடைக்காரர், சூடாகாது என்ற கணக்கில் அது சரிதான். ஆனால் தூரம் இருக்கிறதே! 2.5 ஸ்கொயர் காப்பரின் தடை கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக வர 80 மீட்டர் என்றால் 0.59 ஓம், 16 ஆம்பியர் இழுத்தால் ஒன்பதரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 ஸ்கொயரில் கிலோமீட்டருக்கு 3.08 ஓம்தான், இழப்பு 4 வோல்ட்டுக்குள் நின்றுவிடும். ரம்ப மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும் கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், சாயங்காலத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏற்கெனவே குறைவு. பர்மாத் தேக்குக் கதவுச் சட்டத்தை ரம்பத்தில் கொடுக்கும்போது மோட்டார் திணறினால் மரமும் கருகும், காயிலும் போகும். 10 ஸ்கொயர் அலுமினியமும் அதே 3.08 ஓம்தான், விலையும் குறைவு. ஆனாலும் அலுமினிய முனை காலப்போக்கில் தளர்ந்து சூடாகும், எம்.சி.பி.க்குள் (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) சேர்க்கத் தனி லக், அதாவது முனையில் மாட்டும் உலோகக் குப்பி, வேண்டும். அதனால் மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி) 6 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்டு கேபிளே வாங்கினேன். பெருச்சாளிக்கு அந்த இரும்புக் கவசம்தான் பதில்.

பள்ளத்தின் அடியில் 8 செ.மீ. சலித்த மணல், அதன் மேல் கேபிள், திரும்ப 8 செ.மீ. மணல், அதற்கு மேல் குறுக்காகச் செங்கல். பாதி மண் தள்ளிய பிறகு எச்சரிக்கை டேப் விரித்தோம். கேபிளைச் சட்டென்று மடக்கக் கூடாது, அதன் தடிமனைப் போல 12 மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைவு விட்டோம். இரண்டு முனையிலும் ஒரு சுற்று கூடுதலாக விட்டிருக்கிறேன். மூடுவதற்கு முன் டேப் பிடித்து அளந்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று படத்தோடு எழுதி வைத்தாயிற்று. இனி அப்பத்தாவின் ஞாபகத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

முனை இணைப்புகளை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் விட்டேன், மெயினில் கை வைப்பது அவர் வேலை. கேபிளுக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்றுதான் கோர் வரும். நீலத்துக்குக் கறுப்பு, மஞ்சளுக்குப் பச்சை என்று இரண்டு பக்கமும் டேப் சுற்றி, நியூட்ரல் எது, எர்த் எது என்று குழப்பமில்லாமல் செய்தார். கவசத்தைக் கிளாண்டில் (கேபிள் முனையைப் பிடிக்கும் உலோகப் பிடி) இறுக்கி எர்த்தோடு சேர்த்தார். வீட்டுப் பக்கம் 32 ஆம்பியர் டபுள் போல் எம்.சி.பி., கொட்டகையில் கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., பிளக்குகளுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி., விளக்குக்கு 6 ஆம்பியர். கரண்ட் கொடுக்கும் முன் கசிவு பார்க்கும் 500 வோல்ட் மெகரால் சோதித்தபோது முள் கடைசிவரை போனது, கசிவு இல்லை என்று அர்த்தம்.

கொட்டகைக்குத் தனி எர்த் குழியும் உண்டு, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப். சரளை மண் கோடையில் வறண்டால் எர்த் பலவீனமாகிவிடும். அதனால் கிணற்றடித் தண்ணீர் ஓடிவரும் இடமாகப் பார்த்துக் குழி போட்டோம், அங்கே சித்திரையிலும் ஈரம் இருக்கும். வீட்டு எர்த்தோடும் அதை இணைத்தாயிற்று.

ரம்பம் இப்போது ஒரே மூச்சில் வேகம் எடுக்கிறது, விளக்கு லேசாகக்கூட மங்கவில்லை. அடுத்து ரம்பத்துக்கு நோ-வோல்ட் ஸ்டார்ட்டர் வைக்க வேண்டும். கரண்ட் போய்த் திரும்ப வரும்போது கை பக்கத்தில் இருக்க ரம்பம் தானாக ஓடக் கூடாது, அதை மாட்டும்வரை கரண்ட் போனவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். ஐப்பசி இடி தொடங்குவதற்குள் கொட்டகை டி.பி.யில் (சுவிட்ச் பெட்டி), திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரும் சேர்க்க வேண்டும்.