ஃபோர்டுக்கு ஒரு கூடு

ஜனவரி 27, செவ்வாய்

கிடைத்துவிட்டது! பாடி இல்லாமல் அடிச்சட்டமாக நிற்கிற அப்பாருவின் (தாத்தாவின்) பழைய ஃபோர்டு காருக்கு ஒரு பாடி. பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பு. அதே ஃபோர்டு மாடல் ஏ, அதில் ஃபீட்டன், அதாவது மடக்குக் கூரை போட்ட திறந்த கார், நாலு கதவு, ஸ்டியரிங் ஓட்டை வலப்பக்கம். டேங்க் இருக்கிறது. டேங்க் இருக்கிறது!

ஜனவரி 28, புதன்

கண்ணை மூடினால் டேங்க்தான். இந்த வண்டிக்குப் பெட்ரோல் டேங்க் பின்னால் கிடையாது. முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் பாடியோடு பாடியாக உட்கார்ந்திருக்கும். அதன் மேல்தகடுதான் வண்டிக்கும் மேல்தகடு. பம்பு இல்லை, பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கும். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்த வருஷங்களில் கதவு பார்த்திருக்கிறேன், மட்கார்டு பார்த்திருக்கிறேன், டேங்க் மட்டும் சிக்கியதே இல்லை. அமெரிக்காவில் ரோட்ஸ்டர் பாடியைப் புதுத் தகட்டில் அடித்து விற்கிறார்கள்தான். அது ரெண்டு கதவு வண்டி, ஸ்டியரிங் வேறு இடப்பக்கம். அப்பாருவின் சேஸ் (அடிச்சட்டம்) 1929, கனடா ஃபோர்டு. எஞ்சின் நம்பரே சிஏ என்றுதான் தொடங்குகிறது. 1930, 31 பாடி கிடைத்தாலும் ஆகாது. ரேடியேட்டர் உயரம் மாறிவிட்டது, பானெட் சேராது.

இப்போது சிக்கல் கோழி. பின்சீட்டு இருந்த இடத்தில் தோப்புக்கார ஆத்தா கோழிகளை அடை வைத்திருக்கிறார். விலை பேச வாயெடுத்ததும், “அது எங்க போகுது கண்ணு, இப்பத்தான அடை வெச்சிருக்கறன். குஞ்சு பொரிச்சு எறங்கட்டும், அப்பறம் பேசிக்கலாம்” என்றார். நீட்டிய அட்வான்ஸைத் தொடவில்லை. மோர்தான் கொடுத்தார். அடைக்கு 21 நாள்.

ஜனவரி 31, சனி

அப்பா இன்றும் ரெண்டு வாய்தான் சாப்பிட்டார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். வேலை ஒன்றும் இல்லாமலே தோப்புக்குப் போனேன். ரோடு முழுக்கப் பழனிக்கு நடக்கிற கூட்டம், காவடி, பச்சை வேட்டி. 1920-ல் ஜி.டி. நாயுடு தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சி - பழனி ரோட்டில்தான். இன்றைக்கு மாட்டு வண்டி போயிருந்தால்கூட என்னை முந்தியிருக்கும்.

கோழிகளைக் கலைக்காமல் பாடியின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். தகட்டில் நாலு மூலைக்கு நாலு பெரிய ஓட்டை. டிரில் போட்டதில்லை, உளியால் அடித்துத் திறந்தது. விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு நிற்கிறது. நகத்தால் சுரண்டினால் துருவுக்கு அடியிலிருந்து கரிப்பொடி வருகிறது. ஆத்தாவிடம் கேட்டேன். “சண்டைக் காலத்துல பெட்ரோலுக்கு எங்க போறது? கரி போட்டு ஓட்டுனதா எங்க மாமனாரு சொல்லுவாரு.” கரி கேஸ்! ரெண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது நிறைய பஸ், கார்களுக்குப் பின்னால் உருளையாக ஓர் அடுப்பைக் கட்டினார்கள். கரியைக் காற்றுப் பற்றாமல் எரியவிட்டு, அதில் வருகிற கார்பன் மோனாக்சைடை எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். இழுவை ரொம்பக் குறைந்துவிடுமாம், மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. 1929-ல் ஃபேக்டரியை விட்டு வந்தபோது இந்த ஓட்டைகள் இல்லை. அடைத்தால் ஃபோர்டு செய்த பாடி. அடைக்காவிட்டால் இந்த ஊரில் ஓடிய பாடி.

பிப்ரவரி 6, வெள்ளி

கோவை ஆஸ்பத்திரி. டோக்கன் 64. காலை பத்திலிருந்து பெஞ்சு. டோக்கன் சீட்டின் பின்பக்கம், பாடியைத் தூக்கும்போது எங்கெங்கே இரும்பு ஆங்கிள் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று வரைந்துகொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “மெரூன்தானே அடிக்கற?” என்றார். சித்தப்பா கறுப்பு என்று சத்தியம் செய்கிறார். மட்கார்டு மாடல் ஏ-க்கு வழக்கமாகக் கறுப்பு, பாடிக்குத்தான் நிறம். அப்பாரு லோடு வண்டியாக்குவதற்குக் கழற்றிப் போட்ட பாடி எந்த நிறம் என்று இப்போது யாரைக் கேட்பது? தோப்பில் கிடப்பதோ வேறு யாருடைய காரோ. இதற்குப் போய் இரண்டு பேரும் போனில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அப்பாவின் குரல் ரொம்ப நாளைக்கப்புறம் ஓங்கிக் கேட்டது. நர்ஸ் வந்து அடக்கினார்.

பிப்ரவரி 11, புதன்

ஆத்தா போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

எடுத்தார். பெங்களூரிலிருந்து ஒருவன் வந்து ரெண்டு மடங்கு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். “கோழி எறங்கட்டும்னு அந்தத் தம்பிகிட்டயும் சொல்லிட்டேன் சாமி.” இதற்கு என்ன அர்த்தம்? வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

எடுத்தாகிவிட்டது. குஞ்சுகள் பஞ்சாரத்துக்கு மாறிவிட்டன. பெங்களூர்க்காரனை ஏன் விட்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “பன்னண்டுக்கு ராகுகாலம், அதுக்குள்ள கெளம்பிருங்க” என்று மட்டும் விரட்டினார்.

திறந்த வண்டிக்கு மேலே கூரையின் பிடிமானம் கிடையாது. சேஸும் இல்லாமல் வெறும் பாடியை அப்படியே தூக்கினால் கதவு நிற்கிற இடத்தில் மடங்கிப் போகும். நாலு கதவையும் மூடி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஆங்கிள் வெல்டிங் வைத்து, அதற்குப் பிறகுதான் கயிறு. அப்படியும் இடப்பக்கம் ‘கிர்ர்’ என்றது, என் வயிறும் சேர்ந்து இழுத்தது. தரைப்பலகை மண்ணாகவே போய்விட்டது. டேங்க் அடியில் அரிசி அரிசியாகத் துளை.

பிப்ரவரி 21, சனி

பாடி இப்போது கரூர்ப் பட்டறையில். பட்டறைப் பெரியவர் மரச்சட்டத்தில் பஸ் பாடி கட்டிப் பழகிய கை, வயது எழுபதுக்கு மேல். தரைப்பலகையும் கூரை வளைவும் அவர் பொறுப்பு. டிங்கர் வேலைக்கு அவர் மகன். மகனுக்கு அறுத்து எறிவதில்தான் ஆர்வம்: “இடுப்புக்குக் கீழ மொத்தமாப் புதுத் தகடு போட்டுரலாங்க, ரெண்டே நாள் வேலை.” அப்படிச் செய்தால் மிஞ்சுவது என்ன? உள்ளங்கை அகலத் தகடு என்றாலும் பழசு நிற்கிற இடத்தில் பழசே நிற்கட்டும் என்றேன். “அப்ப பட்டி நெறைய போகும்.” பட்டியே வேண்டாம், ஈயம் வைத்து இழைக்கலாம் என்றார் பெரியவர். மகன் முகம் சுண்டிவிட்டது. ஓட்டைகளைப் பற்றி ரெண்டு பேரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

விண்டேஜ், அதாவது பழங்கால வண்டி என்று பதிவு செய்ய 20,000 ரூபாய். 2021-ல் வந்த விதி. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் கூடாது. நம்பரில் விஏ என்று வரும். கரி கேஸ் ஓட்டை பெரிய மாற்றமா? அடைத்தால் அதுவும் மாற்றம்தானே!

சேஸ் நம்பர் இடப்பக்கச் சட்டத்தின் மேல் இருக்கிறது. பாடி உட்கார்ந்துவிட்டால் அதன் அடியில் மறைந்துவிடும். பென்சில் அச்சு இப்போதே எடுத்து வைத்தாயிற்று, ரெண்டு காப்பி.

பிப்ரவரி 27, வெள்ளி

அப்பாவுக்குக் காய்ச்சல்.

பிப்ரவரி 28, சனி

கரூரிலிருந்து போன். மகன் டேங்கில் கேஸ் வெல்டிங் வைக்கத் தயாராக நிற்கிறானாம். எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் பெட்ரோல் டேங்க் டேங்க்தான். உள்ளே ஆவி கொஞ்சம் நின்றிருந்தால் போதும், ஆளையே தூக்கிவிடும். நெருப்பைக் கிட்டேயே கொண்டு போகாதே, நான் வருகிறவரை தண்ணீர் ரொப்பி வை என்று கத்தினேன். பெரியவர் போனை வாங்கி, “ரொப்பியாச்சுங்க, ஒழுகுதுங்க” என்றார். திங்கள்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரியிலும் திங்கள்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவைக் கேட்டுப் பார்க்கிறேன்.