மஞ்சள் தாளில் தூங்குமூஞ்சி இலை

சீருடையில் சிந்திய சாம்பாரின் மஞ்சள் கறை துவைத்தும் போகாவிட்டால் வெயிலில் காயப்போடுவோம், வெளுத்துவிடும். அதே வித்தையால் இலைகளைத் தாளில் பதிக்கலாம் என்று தெரிந்ததும் பிள்ளைகளோடு இறங்கிவிட்டேன். மகள் தொடக்கநிலை 2, மகன் பாலர் பள்ளி. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 11ஆவது மாடியில் இருக்கிறோம். மரங்களின் உச்சியை மட்டுமே பார்த்து அவர்கள் வளர்வது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

முதல் ஞாயிறு வீணானது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினோம். காய்ந்ததும் திட்டுத் திட்டாக உதிர்ந்தது. மஞ்சளின் நிறமியான குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அடுத்த வாரம் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தூளை ஊறவைத்து, வடிகட்டி, சன்னலைத் திறந்துவைத்து நானே பூசினேன். தாளை இருட்டில் உலர்த்தினோம்.

இலைக்குப் புளோக்கின் கீழே போனோம். பூங்காவில் செடிகொடிகளைப் பறிப்பது இங்கே குற்றம். எங்கும் பறிக்காமல், விழுந்ததை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டோம். நாட்டு வாதுமையின் தடித்த இலை வெறும் நிழலாகத்தான் பதிந்தது. மகளுக்குப் பிடித்தது தூங்குமூஞ்சி மரத்தின் இலை. மாலையில் பொறுக்கி வந்தோம். பார்த்தால், சிற்றிலைகள் எல்லாம் மூடிக் கிடந்தன!

பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி, அந்த மரத்துக்கு ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி என்று பெயர் சொன்னார். மகள் நான்கு நாள் தாழ்வாரத்தில் நின்று கவனித்தாள். ஐந்து மணிக்கு அசைவே இல்லை. ஆறு மணிக்கு மேல்தான் இலைகள் மூடின. மழை மேகம் கறுத்த ஒரு நாள் மட்டும் முன்னதாகவே மூடிக்கொண்டன. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள் என்று சொன்னேன். “அப்பா, மரத்திடம் சொல்லவில்லையா?” என்றாள். அவள் நோட்டில் அந்த நான்கு நாள் குறிப்பும் படமும் இருக்கின்றன. எனக்கு அச்சைவிட அதுவே பெரிது.

மூன்றாம் ஞாயிறு நண்பகலில், விரிந்த இலையாகத் தேடி எடுத்து உடனே புத்தகத்துக்குள் அழுத்தினோம். மஞ்சள் தாள்மேல் வைத்து, கண்ணாடியால் மூடி, மூன்று மணி நேரம் வெயில். இடையில் மேகம் வந்தபோதெல்லாம் மகன் சன்னலுக்கு ஓடினான். இலையை எடுத்தபோது சுற்றிலும் வெளுத்து, நடுவே மஞ்சள் உருவம். நிறம் மங்கல்தான்.

“ஆரத்தி எப்படிச் சிவக்கிறது?” என்று கேட்டுவிட்டு, அம்மா தேக்காவில் வாங்கிய வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்தார். தெளிந்த நீரை நான் தூரிகையால் தடவினேன். மஞ்சள் இலை செங்காவியாக எழுந்தது. சிற்றிலைகளை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம்.

வெளிச்சத்தில் வைத்தால் இதுவும் வெளுத்துவிடும். அலமாரிக்குள் பூட்டியிருக்கிறேன். பள்ளிவிட்டு வந்ததும் மகன் சாவி கேட்கிறான்.