ஃபோர்ட் மக்மரி: தார் மணல் எண்ணெயாகும் இடம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மன்டனிலிருந்து வடக்கே சுமார் 435 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஃபோர்ட் மக்மரி. போகிறவர்கள் முதலில் ஊருக்குள் இருக்கும் எண்ணெய் மணல் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் வெளியே தெரியும் புகைபோக்கிகளுக்கு அர்த்தம் புரியும்.

அங்கே ஒரு கண்ணாடிக் குவளையில் கறுப்பு மணலைப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கிக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மணல் வெளுத்து அடியில் தங்க, மேலே கறுப்பு நுரை மிதந்தது. அதுதான் பிட்டுமென், மணலோடு ஒட்டியிருந்த தார் போன்ற கெட்டி எண்ணெய். கார்ல் கிளார்க் என்ற வேதியியலாளர் 1920களில் செம்மைப்படுத்திய முறை இது. 1929இல் காப்புரிமை பெற்றார். இதை நம்பி எழுந்த முதல் பெரிய ஆலை 1967இல் திறந்தபோது அவர் இல்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அதை வாசித்தபோது மனசு கனத்தது.

சரி, பிட்டுமென் கிடைத்துவிட்டது. குழாயில் அனுப்பிவிடலாமே? முடியாது. ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி அது நகரவே நகராது. தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், கந்தகம் மட்டும் நாலைந்து சதவீதம். ஒன்று, லேசான எண்ணெயைக் கலந்து இளக்கி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே அதை உடைத்து லேசாக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்வதுதான் 'அப்கிரேடர்'.

ஊரிலிருந்து 63ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சின்க்ரூட் நிறுவனத்தின் மில்ட்ரெட் லேக் ஆலை சாலையோரத்திலேயே வந்துவிடும். 1978இலிருந்து ஓடுகிறது. உள்ளே, சுமார் 500 டிகிரி சூட்டில் பிட்டுமெனின் நீண்ட மூலக்கூறுகள் உடைகின்றன. அதிலிருக்கும் கார்பனில் ஒரு பங்கு கோக் என்ற கரியாக ஒதுங்க, மீதி ஆவியாகி மேலே போய்ப் பிரிகிறது. அப்புறம் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தையும் நைட்ரஜனையும் நீக்குகிறார்கள். கடைசியில் வருவது அடிக்கசடே இல்லாத, தடையில்லாமல் ஓடும் செயற்கைக் கச்சா எண்ணெய். அது குழாய் வழியாகத் தெற்கே போய்விடுகிறது.

போகாதவை இங்கேயே நிற்கின்றன. என்னை அதிகம் பாதித்தது அதுதான். பிரித்த கந்தகத்தைப் படிப்படியாக அடுக்கி மஞ்சள் பிரமிடாகவே எழுப்பியிருக்கிறார்கள். சந்தை வெகுதூரம், அனுப்புகிற செலவு கட்டுப்படியாகாத காலங்களில் அடுக்கி வைப்பதே வழி. கோக்கும் குவிந்து கிடக்கிறது. இன்னொரு பக்கம், மணலைக் கழுவிய சேற்றுநீர் தேங்கிய பிரம்மாண்டமான குளங்கள். வண்டியை நிறுத்தி இறங்கினால் காற்றில் தார் வாசனை, கூடவே 'டொம்… டொம்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். பறவைகள் தண்ணீரில் இறங்காமல் இருக்க வெடிக்கும் எரிவாயு பீரங்கிகள் அவை. 2008இல் இப்படி ஒரு குளத்தில் இறங்கி 1,600க்கும் மேற்பட்ட வாத்துகள் செத்துப்போயின.

இதற்கெல்லாம் பக்கத்தில்தான் ஃபோர்ட் மக்கே பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். ஐரோப்பியர் வந்தபோதே இந்த வட்டாரத்து மக்கள் ஆற்றங்கரையில் கசியும் பிட்டுமெனை மரப்பிசினோடு கலந்து படகின் ஓட்டையை அடைத்து வந்தார்கள். இன்று வேலையும் வருமானமும் இந்தத் தொழிலிலிருந்து அவர்களுக்கு வருகிறது, கூடவே நாற்றமும் தூசியும்.

எண்ணெயை இங்கேயே லேசாக்கினால் வேலைவாய்ப்பும் லாபமும் ஆல்பர்ட்டாவிலேயே தங்கும் என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்காகும் எரிவாயுவும் அதன் கரியமில வாயுவும் இந்த ஊர்க் கணக்கில்தான் ஏறும். பின்னால் வந்த கேர்ல், ஃபோர்ட் ஹில்ஸ் சுரங்கங்கள் அப்கிரேடரே கட்டவில்லை. பிட்டுமெனை இளக்கி அப்படியே அனுப்புகின்றன. கட்டுவதற்கு ஆகும் பணம் அவ்வளவு.

திரும்பும் வழியில், சுரங்கம் தோண்டிய பின் மீட்டெடுத்த நிலத்தில் மேயும் காட்டெருமைகளைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் கேட்வே ஹில்லுக்கு, மீட்கப்பட்ட நிலம் என்று அரசு 2008இல் சான்றிதழ் கொடுத்தது. எண்ணெய் மணல் தொழிலில் அதுதான் முதல் சான்றிதழ். பரப்பளவு 104 ஹெக்டேர். தோண்டிய நிலத்தோடு ஒப்பிட்டால் மிகச் சின்னத் துண்டு.