பனிக்குள் ஒரு நெல் நாடு: பிப்ரவரியில் அகிதா

ஜப்பானைப் பார்க்க ஒரே ஒரு மாதத்தைச் சொல் என்று கேட்டால், செர்ரி பூக்கும் ஏப்ரலை விட்டுவிட்டுப் பிப்ரவரியைத்தான் சொல்வேன். அதிலும் வடக்கே, அகிதா மாகாணத்தை. பனி இடுப்பளவு குவிந்து கிடக்கும் அந்த மாதத்தில்தான் அங்கே ஊருக்கு ஊர் திருவிழா.

டோக்கியோவில் கொமாச்சி என்ற சிவப்பு நிற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினேன். மொரியோகா வரை பச்சை நிற ஹயபுசா ரயிலோடு சேர்ந்து மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் வரை பறக்கும் இந்த ரயில், அங்கே தனியாகப் பிரிந்து மேற்கே மலைக்குள் திரும்புகிறது. அதன் பிறகு வேகம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. பழைய ரயில்பாதை, குறுகிய பள்ளத்தாக்கு, இருபுறமும் பனி சுமந்து நிற்கும் தேவதாரு மரங்கள். பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு பனி எங்கிருந்து வருகிறது? குளிர்காலம் முழுவதும் சைபீரியாவிலிருந்து வறண்ட காற்று வீசுகிறது. வழியில் ஜப்பான் கடல். தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கடலுக்குள் ஓடுவதால், காற்று அங்கே ஈரத்தை வாரிக்கொள்கிறது. பிறகு ஓஉ மலைத்தொடர் அதை மறிக்க, சுமந்துவந்த ஈரமெல்லாம் பனியாகக் கொட்டுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் பசிபிக் கரையில் அதே நாளில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பனி வேடிக்கைப் பொருள் அல்ல. போக்குவரத்து விளக்குகளைக்கூட ஒன்றின்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாகத்தான் வைத்திருக்கிறார்கள். படுக்கைவாட்டில் வைத்தால் பனி ஏறிப் பாரம் கூடிவிடுமாம். சாலையின் விளிம்பு எங்கே என்று ஓட்டுநருக்குக் காட்ட, மேலிருந்து கீழ்நோக்கி அம்புக்குறிகள் தொங்குகின்றன. விடியற்காலையில் வயதானவர்கள் மண்வெட்டியோடு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். கூரைப் பனியை இறக்குவது அதைவிடக் கடினம். அதில் தவறி விழுந்து இறப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இத்தனை பாடு படுத்தும் பனியை அவர்கள் கும்பிடவும் செய்கிறார்கள். மலையில் கிடக்கும் அந்தப் பனிதான் வசந்தத்தில் உருகி வயலுக்கு வரும் தண்ணீர். அகிதா நெல் விளையும் பூமி. ஆற்றில் தண்ணீர் வந்தால் கும்பிடும் காவிரிக் கரையில் வளர்ந்தவன் நான். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் ஓகா தீபகற்பம் போனேன். அகிதா நகரிலிருந்து ஒரு மணி நேர ரயில். நமஹாகே என்னும் மலைத் தெய்வங்களின் ஊர் இது. டிசம்பர் 31 இரவு, கோரமான முகமூடியும் வைக்கோல் ஆடையும் மரக்கத்தியுமாக ஊர் இளைஞர்கள் வீடு வீடாக வந்து, "அழுகிற பிள்ளை உண்டா? சோம்பேறி உண்டா?" என்று உறுமுவார்கள். அது ஊராரின் வீட்டுச் சடங்கு. நம்மைப் போன்றவர்களுக்காக ஷின்சான் கோவிலுக்குப் பக்கத்தில், கூரை வேய்ந்த ஒரு பழைய வீட்டில் ஆண்டு முழுவதும் நடித்துக் காட்டுகிறார்கள். கதவு தடதடவென்று அதிர்ந்ததும் என் அருகில் இருந்த குழந்தை அலறிவிட்டது. உள்ளே வந்ததும் ஏழு முறை காலால் தரையை மிதிக்கிறார்கள். குடும்பத்தலைவர் பதறாமல் வரவேற்று, சாகே என்னும் அரிசி மது ஊற்றி, பலகாரம் வைத்து, "எங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்" என்று வாதாடுகிறார். நமஹாகே ஒரு பேரேட்டைப் புரட்டி மறுத்துப் பேசுகிறது. கடைசியில் சமாதானம். ஏதேனும் தொல்லை என்றால் மலையைப் பார்த்து மூன்று முறை கைதட்டுங்கள், இறங்கி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போகிறது. பயமுறுத்த வந்தவர் காவலுக்கு நிற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போகும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தரையில் உதிர்ந்த வைக்கோலைக் கூட்டிக் குப்பையில் போடுவதில்லை. நோய் அண்டாது என்று எடுத்துத் தலையில் கட்டிக்கொள்கிறார்கள். 2018-ல் யுனெஸ்கோ இந்த மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பிப்ரவரி இரண்டாம் வார இறுதியில், அந்தக் கோவிலிலேயே தீ வளர்த்து, தீப்பந்தங்களோடு நமஹாகேக்கள் மலையிலிருந்து இறங்கும் விழா நடக்கிறது. 1964-ல் தொடங்கியது.

அடுத்தது காகுனோதாதே. பழைய சாமுராய் வீடுகளுக்காகப் புகழ்பெற்ற ஊர். பிப்ரவரி 13, 14 இரவுகளில், வைக்கோலால் செய்த கரி மூட்டையைக் கயிற்றில் கட்டி, தீ மூட்டி, தம்மைச் சுற்றிச் சுழற்றுகிறார்கள். பனியின்மேல் நெருப்பு வளையம். இங்கும் வைக்கோல்தான்.

யோகோதே போய்ச் சேர்ந்த அன்று நல்ல பனிப்பொழிவு. பிப்ரவரி நடுவில் இங்கே கமகுரா விழா நடக்கிறது. 450 ஆண்டு வரலாறு உள்ளது என்கிறார்கள். கமகுரா என்பது ஆள் நிமிர்ந்து நிற்குமளவு உயரமான பனிக்குடில். பனியைக் குவித்து, மிதித்து இறுக்கி, சில நாள் உறையவிட்டு, பிறகு உள்ளே குடைந்தெடுக்கிறார்கள். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் 1936-ல் இங்கு வந்து இதன் அழகில் மயங்கி எழுதியிருக்கிறார்.

இருட்டியதும் ஒவ்வொரு குடிலின் வாசலிலிருந்தும் குழந்தைகளின் குரல். "உள்ளே வாருங்கள், கும்பிடுங்கள்" என்று அகிதா வட்டார மொழியில் ராகம் போட்டு அழைக்கிறார்கள். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எதிர்ச்சுவரில் குடைந்த மாடத்தில் தண்ணீர்த் தெய்வம். முன்னால் மெழுகுவர்த்தியும் பழமும் அரிசிப் பண்டமும். காணிக்கை போட்டுக் கும்பிட்டேன். பஞ்சு வைத்த மேலாடை அணிந்த ஒரு சிறுமி, கரியடுப்பில் புரட்டிச் சுட்ட மோச்சி என்னும் அரிசிப் பண்டத்தையும் ஒரு கோப்பை அமாசாகேயையும் நீட்டினாள். அமாசாகே அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் இனிப்புப் பானம். கஞ்சியைப் போல வயிற்றில் இதமாக இறங்குகிறது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். இந்தியா என்றதும், "அங்கே பனி உண்டா?" என்றாள். என் ஊரில் கிடையாது என்றேன். "அப்படியென்றால் வயலுக்குத் தண்ணீர்?" என்று உடனே கேட்டாளே, அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மழையையும் ஆற்றையும் பற்றி எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். பெரியவர்களைப் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டிலும் இதே நெல்லும் பனியும்தான். சோற்றை இடித்துத் தேவதாருக் குச்சியில் பூசி அனலில் வாட்டிய கிரிதான்போவை, நாட்டுக்கோழிச் சாற்றில் வேருடன் கூடிய செரி என்னும் கீரையோடு கொதிக்கவிட்டுத் தருகிறார்கள். இபுரிகாக்கோ என்னும் முள்ளங்கி ஊறுகாயை அவசியம் சுவைத்துப் பாருங்கள். சீக்கிரமே பனி விழத் தொடங்கிவிடுவதால் முள்ளங்கியை வெயிலில் உலர்த்த முடியாது. அதனால் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தியிருக்கிறார்கள். அந்தப் புகை மணம் சோற்றோடு சேரும்போது வேறு எதுவும் வேண்டியதில்லை. சைவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: காய்கறிச் சாறு போலத் தெரிவதிலும் பெரும்பாலும் மீன் சேர்ந்திருக்கும். முன்கூட்டியே விடுதியில் எழுதிச் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாக, ந்யூதோ வெந்நீர் ஊற்றுகள். தசவாகோ ரயில் நிலையத்திலிருந்து பஸ் மலையேறுகிறது. அங்கே ஏழு விடுதிகள். மிகப் பழையது சுருநோயு. திறந்தவெளிக் குளத்தில் பால் நிறத்தில் வெந்நீர், சுற்றிலும் பனிச்சுவர், தலையில் விழும் பனித்துகள். முதலில் தனியே உட்கார்ந்து உடலை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே குளத்தில் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் குளம் அது. பெண்களுக்குத் தனிக் குளமும் உண்டு. குளிர்கால இரவுக்கு அறை வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். அறை கிடைக்காவிட்டாலும் பகலில் கட்டணம் செலுத்திக் குளித்துவிட்டு மாலை பஸ்ஸில் இறங்கிவிடலாம்.