எந்த ராஸ்?

ராஸ் என்றாலே நம்மூரில் பலருக்கும் மலேரியா ரொனால்ட் ராஸ்தான். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டவர். 1902இல் நோபல் வாங்கியவர். ஆஸ்திரேலியாவின் ராஸ் ரிவர் வைரஸும் கொசுவால்தான் பரவுகிறது. அதையும் அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். டவுன்ஸ்வில் ஊரில் ஓடும் ராஸ் ஆற்றங்கரையில் 1959இல் பிடித்த கொசுக்களில் கிடைத்த வைரஸ் அது. ஆற்றுக்குப் பெயர் வந்தது வில்லியம் ஆல்ஃபிரட் ராஸ் என்ற தொடக்கக் காலக் குடியேறியால்.

ஓர் உயிரினத்தின் பெயரில் ராஸ் இருந்தால், அது எந்த ராஸ் என்று அறிய முதலில் அறிவியல் பெயரின் வாலைப் பாருங்கள். 'ராஸ்ஸீ' என்று முடிந்தால் ஆண், 'ராஸ்ஸே' என்றால் பெண். ஆப்பிரிக்காவின் ராஸ் டுராக்கோ பறவை 'மியூசோஃபேகா ராஸ்ஸே'. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் மனைவி ராஸ் சீமாட்டி வளர்த்த பறவையை வைத்து வந்த பெயர். ஆங்கிலப் பெயரை மட்டும் படித்தால் இது பிடிபடாது.

வால் ஆணா பெண்ணா என்று சொல்லுமே தவிர, ஆளைச் சொல்லாது. அண்டார்க்டிகாவின் கடல் பாலூட்டியான ராஸ் சீலும் 'ராஸ்ஸீ', கனடாவின் ராஸ் வாத்தும் 'ராஸ்ஸீ'. சீல், துருவப் பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸின் 1839–43 பயணத்தில் கிடைத்தது. பெரிய கண்களால் அதன் பேரினப் பெயருக்கே 'கண் சீல்' என்று பொருள். வாத்து, கனடாவில் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியில் வேலை பார்த்த பெர்னார்ட் ராஸுக்கு உரியது. ஆக, விவரித்த ஆண்டையும் மாதிரி கிடைத்த இடத்தையும் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது.

இன்னொரு கண்ணி ராஸ் கடற்காகம். 'ரோடோஸ்டெத்தியா ரோசியா' என்பதில் உள்ள 'ரோசியா' ராஸ் அல்ல, ரோஜா நிறம். இனப்பெருக்கக் காலத்தில் அதன் நெஞ்சு அப்படிச் சிவக்கும். ஆங்கிலப் பெயரில் இருப்பவர் அதே ஜேம்ஸ் கிளார்க் ராஸ்தான், 1823இல் கனடிய ஆர்க்டிக்கில் அதைச் சேகரித்தவர். அண்டார்க்டிகாவின் ராஸ் கடல், ராஸ் பனித்தட்டு, எரபஸ் எரிமலை நிற்கும் ராஸ் தீவு எல்லாம் அவருடையவை.

அந்தமானின் ராஸ் தீவு அவருடையதல்ல. போர்ட் பிளேருக்கு எதிரே இருப்பது கடல் அளவையாளர் டேனியல் ராஸின் பெயரில் இருந்தது. 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆகிவிட்டது. (போர்ட் பிளேரே 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.) வடக்கே டிக்லிப்பூர் பக்கம் இன்னொரு ராஸ் இருக்கிறது: நீர் வற்றும்போது மணல்திட்டு வழியாக ஸ்மித் தீவோடு சேர்ந்துகொள்வது. பெயர் மாறியது அதற்கல்ல. படகுக்கு விசாரிக்கும்போது 'ராஸ் அண்ட் ஸ்மித்' என்று முழுசாகச் சொல்லுங்கள்.