பெட்டி நகர்ந்தும் அம்பு நகரவில்லையா?

பவர்பாயிண்டில் வரைந்த ஃப்ளோசார்ட்டை (பெட்டிகளை அம்புகளால் இணைத்துப் படிகளைக் காட்டும் படம்) திருத்த எடுத்தால், முதல் வேலையாக ஒரு பெட்டியைச் சற்று இழுத்துப் பார்ப்பேன். அம்பு கூடவே வந்தால் சரி. நின்ற இடத்திலேயே நின்றால் அது பெட்டியில் ஒட்டவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. பிறகு எந்தப் பெட்டியைத் தொட்டாலும் படம் கலையும். அதனால் நிறம், எழுத்து எதற்கும் முன்னால் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கோட்டைக் கிளிக் செய்யுங்கள். இப்போதைய பதிப்புகளில் ஒட்டிய முனை பச்சையாகத் தெரியும், ஒட்டாதது வெள்ளை. வெள்ளை முனையைப் பிடித்துப் பெட்டியின் மேல் கொண்டு போனால் விளிம்பில் புள்ளிகள் தோன்றும். செவ்வகத்துக்கு 4, வட்டத்துக்கு 8. சரியாக ஒரு புள்ளியின் மேல் விட்டால்தான் ஒட்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விட்டால் கண்ணுக்கு ஒட்டியதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

செவ்வகத்தின் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு புள்ளி என்பதால், அங்கே மூன்று அம்புகள் வர வேண்டுமென்றால் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். இதற்கு வழி உண்டு. செவ்வகத்தை ரைட் கிளிக் செய்து 'எடிட் பாயிண்ட்ஸ்' எடுத்து, விளிம்பில் வேண்டிய இடங்களில் புதிய புள்ளி சேர்த்தால் அவையும் ஒட்டும் இடங்களாகிவிடும். கோடுகளை இணைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பின்னால் செய்தால் ஏற்கெனவே ஒட்டிய கோடுகள் வேறு புள்ளிக்குத் தாவக்கூடும்.

அடுத்தது, நேராகப் போக வேண்டிய எல்போ கனெக்டரின் (முழங்கைபோல் மடங்கும் இணைப்புக் கோடு) நடுவே வரும் சின்னப் படிக்கட்டு. இதைக் கோட்டின் கோளாறு என்று நினைத்து அழித்து அழித்து வரைவதில் பயனே இல்லை. இரண்டு பெட்டிகளின் மையமும் மயிரிழை விலகியிருப்பதுதான் காரணம். கோட்டை விட்டுவிட்டுப் பெட்டிகள் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து 'அலைன் மிடில்' கொடுங்கள், படிக்கட்டு மறைந்துவிடும். மேலும் கீழுமாக இருக்கும் பெட்டிகளுக்கு 'அலைன் சென்டர்'. சரிசெய்த பிறகும் திரும்ப வந்தால், பெட்டி எழுத்துக்கேற்பத் தானாக அளவு மாறுகிறதா என்று பாருங்கள். 'ஃபார்மேட் ஷேப்' பகுதியின் டெக்ஸ்ட் பாக்ஸ் அமைப்பில் 'டூ நாட் ஆட்டோஃபிட்' வைத்தால் அளவு நிலைத்து நிற்கும். தமிழ் எழுத்துள்ள பெட்டிகளில் இது இன்னும் முக்கியம். நீங்கள் பயன்படுத்திய தமிழ் ஃபாண்ட் இல்லாத கணினியில் வேறு ஃபாண்ட் வந்து அமர்ந்து வரிகள் நீளும், பெட்டியும் கூடவே வளரும்.

கோட்டை ரைட் கிளிக் செய்தால் வரும் 'ரீரூட் கனெக்டர்ஸ்' கிட்டிய புள்ளிகளைத் தானே தேர்ந்து இணைக்கும். ஆனால் வேண்டுமென்றே சுற்றிவிட்ட கோட்டையும் அது குறுக்கே கொண்டுபோய்விடும், எனவே ஒவ்வொரு கோடாகத்தான் பயன்படுத்துவேன். வளைவு மட்டும் தள்ளிப்போக வேண்டுமென்றால் மஞ்சள் கைப்பிடியை இழுத்தாலே போதும்.

ஒரே அமைப்பு மறுபடி வேண்டுமென்றால் பெட்டிகளையும் கோட்டையும் சேர்த்தே தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+டி. கோட்டை மட்டும் நகலெடுத்தால் பிடிப்பு போய்விடும்.

படம் பெரிதாகிவிட்டது என்று குரூப் செய்து சுருக்கினால் பெட்டிகள் சுருங்கும், எழுத்தும் கோட்டின் தடிமனும் அப்படியே இருக்கும். எழுத்து பெட்டியை விட்டு வழிவது இதனால்தான். ஆகவே ஸ்லைடு அளவை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: 16:9 என்றால் 33.867 × 19.05 செ.மீ., 4:3 என்றால் 25.4 × 19.05 செ.மீ.

பவர்பாயிண்ட் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸில் 'லைன்' வேறு, 'கனெக்டர்' வேறு. லைன் எந்தப் பெட்டியிலும் ஒட்டாது, கனெக்டர்தான் ஒட்டும். பவர்பாயிண்ட் கோப்பை அதில் திறந்தால் எல்போ வளைவுகள் இடம் மாறக்கூடும் என்பதால், பார்க்க மட்டும் அனுப்புவதாக இருந்தால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள்.